பேட்டரி அவர்களுடையது, ஜெனரேட்டர் யாருடையது?

வாசகர் கேள்வி: நாங்கள் ஒரு குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறோம். கூரையில் சொந்தச் செலவில் போட்ட 300 கிலோவாட் சோலார் இருக்கிறது. கரண்ட் போனால் ஓட்ட இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் உண்டு. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் பேட்டரியில் ஓடுபவை. அவற்றுக்குச் சார்ஜர்கள் வைத்திருக்கிறோம். இப்போது ஒரு நிறுவனம் தன் செலவிலேயே பெரிய பேட்டரி ஒன்றை எங்கள் வளாகத்தில் வைத்து, அதைக் கொண்டு கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்கு, சேவை செய்து, வரும் வருமானத்தில் எங்களுக்குப் பங்கு தருவதாகச் சொல்கிறது. பத்து ஆண்டு ஒப்பந்தம். வரைவின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "டி.இ.ஆர். என்பது, வளாகத்தில் தற்போது உள்ள அல்லது இனி அமையும் மின்னுற்பத்தி, மின்சேமிப்பு, பயன்பாட்டுக் கட்டுப்பாடு ஆகிய எந்த வளத்தையும், அதனோடு தொடர்புடைய கருவிகளையும், வரம்பின்றி உள்ளடக்கும்; பொருந்தும் சட்டத்தில் அவ்வப்போது திருத்தப்படும் பொருளையும் கொண்டிருக்கும்." எங்கள் ஜெனரேட்டரும் சோலாரும் இதில் வருமா? டி.இ.ஆர். என்பதற்குச் சட்டத்தில் ஒரே பொருள்தானே இருக்கும், அப்புறம் ஏன் ஒப்பந்தத்தில் தனியாக எழுதுகிறார்கள்? இரண்டும் மாறுபட்டால் எது செல்லும்? எல்லா ஒப்பந்தத்திலும் வருகிற வழக்கமான வரிதான் இது என்கிறார்கள்.

பதில்: வரும். ஜெனரேட்டர், சோலார், சார்ஜர் மூன்றுமே வரும். நீங்கள் எடுத்தெழுதிய வாசகத்தை அப்படியே படித்தால், குளிரூட்டும் இயந்திரங்களை அரை மணி நேரம் நிறுத்தி வைக்க உங்களால் முடிகிறதே, அந்த வசதிகூட அதற்குள் அடங்கிவிடும். 'வழக்கமான வரி' என்று அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வரைவை எழுதுகிற பக்கம் இப்படி அகலமாகத்தான் எழுதும். கையெழுத்துப் போடுகிற பக்கம் அதைக் குறுக்கச் சொல்வதும் அதே அளவுக்கு வழக்கம்தான்.

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதில்தான் தொங்குகின்றன.

டி.இ.ஆர். என்றால் பரவல் எரிசக்தி வளங்கள். எங்கோ தொலைவில் பெரிய மின்நிலையம், அங்கிருந்து உயரழுத்தக் கம்பி வழியாக ஊருக்கு மின்சாரம் என்பது பழைய ஏற்பாடு. அப்படியில்லாமல், பயனாளரின் பக்கத்திலேயே, விநியோகக் கம்பியிலோ மீட்டருக்கு உட்புறமோ இருக்கிற உற்பத்தி, சேமிப்பு, கட்டுப்படுத்தக்கூடிய பயன்பாடு ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் பெயர் இது. பொதுவான பேச்சுக்கு இவ்வளவு போதும். சட்டத்துக்குப் போதாது. அதனால் ஒவ்வொரு சட்டமும், ஒவ்வொரு தர விதியும் தன் வேலைக்கு ஏற்றபடி எல்லையைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

அமெரிக்காவின் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2020 செப்டம்பரில் பிறப்பித்த 2222-ஆம் ஆணையைப் பாருங்கள். சின்னச் சின்ன வளங்களை ஒன்றுதிரட்டி மொத்த மின்சந்தையில் விற்க வழி திறந்துவிட்ட ஆணை அது. விநியோகக் கட்டமைப்பிலோ, அதன் உட்பகுதியிலோ, வாடிக்கையாளர் மீட்டருக்குப் பின்னாலோ அமைந்த எந்த வளமும் டி.இ.ஆர்.தான் என்கிறது அது. பேட்டரி, சிறு மின்னுற்பத்தி, கேட்டுக்கொண்டால் பயன்பாட்டைக் குறைப்பது, மின்சிக்கனம், வெப்பச் சேமிப்பு, மின்வாகனமும் அதன் சார்ஜரும் என்று உதாரணங்கள் அடுக்கி, இவற்றோடு முடிந்துவிடவில்லை என்றும் சேர்த்திருக்கிறது. தனி வளத்தின் அளவுக்கு வரம்பு எதுவும் அந்த வரையறையில் கிடையாது. ஆணையில் வருகிற 100 கிலோவாட் என்ற எண் வேறு விஷயம்: வளங்களின் திரட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள, சந்தை நடத்துபவர் அதைவிடப் பெரிய குறைந்தபட்ச அளவு கேட்கக் கூடாது என்பதற்காக வந்த எண் அது. டி.இ.ஆர். என்றாலே சின்னது என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே கேட்கப்படுவது எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான்.

இப்போது ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு வெளியிட்ட 1547 என்ற தர விதிக்கு வாருங்கள். கிரிட்டோடு இணைக்கும் கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிற விதி. 2018 பதிப்புதான் பல இணைப்பு ஒப்பந்தங்களில் மேற்கோளாக வருகிறது. அதில் டி.இ.ஆர். என்றால் பெருமின் கட்டமைப்போடு (பெரிய மின்நிலையங்களும் உயரழுத்தக் கம்பிகளும் சேர்ந்தது) நேரடியாக இணையாத மின்சார மூலம். மின்சாரத்தை வெளியே தள்ளக்கூடிய ஜெனரேட்டரும் சேமிப்பும் அதில் சேரும். பயன்பாட்டைக் குறைத்துக்கொடுக்கும் சுமைகள் சேராது. பொறியாளருக்கு அது போதும். கம்பிக்குள் மின்சாரத்தை அனுப்பாத ஒன்றால் அவருக்குப் பாதுகாப்புச் சிக்கல் இல்லை.

ஆக, உங்கள் ஃபோர்க்லிஃப்ட் சார்ஜர் அந்த ஆணையின்படி டி.இ.ஆர்.; வண்டியிலிருந்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப முடியாத சாதாரண சார்ஜராக இருந்தால், தர விதியின்படி டி.இ.ஆர். இல்லை. கரண்ட் போன பிறகு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக மட்டும் ஓடி, கிரிட்டை ஒருபோதும் தொடாத ஜெனரேட்டருக்கும் இதே கதைதான். இணைப்பு விதி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆனால் சந்தைக்காரர் கண்ணில், அது ஓடும்போது கிடங்கு கிரிட்டிலிருந்து எடுக்கும் மின்சாரம் குறைகிறது. அதற்கு விலை உண்டு.

மற்ற இடங்களில் கோடு வேறு மாதிரி விழுகிறது. கலிஃபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டுச் சட்டம் 769-ஆம் பிரிவில், புதுப்பிக்கத்தக்க சிறு உற்பத்தி, மின்சிக்கனம், சேமிப்பு, மின்வாகனம், பயன்பாட்டுக் குறைப்புத் தொழில்நுட்பம் என்று பட்டியல் போட்டு நிறுத்திவிட்டார்கள். டீசலுக்கு அதில் இடமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/944 வழிகாட்டுச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே பைக்குள் போடாமல், விநியோக அமைப்போடு இணைந்த உற்பத்தி ஒரு பெயர், சேமிப்பு ஒரு பெயர், தானே உற்பத்தி செய்து விற்கும் வாடிக்கையாளர் ஒரு பெயர், திரட்டுதல் ஒரு பெயர் என்று பிரித்து வைத்திருக்கிறது. இந்தியாவின் மத்திய மின்சார ஆணையம் 2013-இல் கொண்டுவந்த இணைப்பு விதிமுறை, 33 கிலோவோல்ட்டுக்குக் கீழான அழுத்தத்தில் மின்சாரம் தரும் உற்பத்தி நிலையம் என்று வோல்டேஜை வைத்தே கோடு கிழித்தது.

சட்டத்தில் ஒரே பொருள் இல்லாததால்தான் ஒப்பந்தத்தில் தனியாக எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். எழுதியிருப்பது உங்களுக்கு என்ன செய்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

அதைப் பார்க்க, வரையறையை மட்டும் உற்றுப் பார்த்துப் பயன் இல்லை. அந்தச் சொல் வரைவுக்குள் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் ஒரு பேனாவால் சுழித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் 'டி.இ.ஆர்.' என்பதை அழித்துவிட்டு 'எங்கள் டீசல் ஜெனரேட்டர்' என்று போட்டுப் படியுங்கள். பிறகு 'எங்கள் சோலார்', பிறகு 'குளிரூட்டியை நிறுத்தி வைக்கும் எங்கள் வசதி'. வாக்கியம் சிரிப்பாகவோ பயமாகவோ ஒலிக்கிற இடத்தில்தான் பிரச்சினை இருக்கிறது. வக்கீல் வேலையில் பாதி இதுதான்.

உங்கள் வரைவின் மற்றப் பக்கங்கள் என்னிடம் இல்லை. ஆனால் இந்த மாதிரி ஒப்பந்தங்களில் அந்தச் சொல் வழக்கமாக வருகிற இடங்கள் தெரியும்.

முதலாவது, உரிமை பற்றிய ஷரத்து. "டி.இ.ஆர். எக்காலமும் நிறுவனத்தின் சொத்தாக இருக்கும், வளாக உரிமையாளருக்கு அதில் உரிமை ஏதும் இல்லை" என்று இருக்கும். பேட்டரியை மனதில் வைத்து எழுதியது, நியாயமும்கூட. அவர்கள் பணம், அவர்கள் பேட்டரி. ஆனால் வரையறை 'தற்போது உள்ள' என்கிறதே! நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சோலார், எழுத்தளவில், அவர்கள் சொத்தாகிவிடுகிறது. வழக்கு என்று வந்தால் எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லாது என்று வாதாடலாம், பெரும்பாலும் ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் உங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி நீதிமன்றம் அல்ல. சோலாரை ஈடு காட்டிக் கடன் கேட்கப் போகும்போது இந்த வரியை அவர்கள் படித்துவிட்டு, வில்லங்கம் இருக்கிறது என்று கோப்பை மூடி வைத்துவிடுவார்கள்.

இதே ஷரத்தில் இன்னொரு வேடிக்கை. வரையறையில் 'பயன்பாட்டுக் கட்டுப்பாடு' இருக்கிறது. பேட்டரி ஒரு பொருள். அது ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். குளிரூட்டியை நிறுத்தி வைப்பது ஒரு செயல். செயலுக்கு எப்படிச் சொத்துரிமை? சட்டம் வகுக்கிறவர்கள் சந்தையில் யார் நுழையலாம் என்று சொல்வதற்காகப் பொருளையும் செயலையும் ஒரே பெயரில் சேர்த்தார்கள். அந்த நோக்கத்துக்கு அது சரி. அதே பெயரைத் தூக்கிக்கொண்டு வந்து சொத்துரிமை ஷரத்தில் வைத்தால் ஒட்டாது. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால், 'சொத்து என்றால் அந்தச் செயலைக் கட்டுப்படுத்தும் உரிமை' என்று விளக்கம் தருவார். உங்கள் கம்ப்ரஸரை எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் தீர்மானிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். உள்ளே கெட்டுப்போகிற சரக்கை வைத்துக்கொண்டு இதில் கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டாவது, இயக்கம் பற்றியது: "சந்தை அழைப்பின்படி டி.இ.ஆர்.-ஐ இயக்க நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு." இங்கே 'டீசல் ஜெனரேட்டர்' என்று போட்டுப் படியுங்கள். ஜெனரேட்டருக்கு நீங்கள் வாங்கியிருக்கும் அனுமதி எந்த வகை என்று ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். அவசரகாலப் பயன்பாட்டுக்கு என்றால் புகை விதிகள் தளர்வாக இருக்கும். வருமானத்துக்காக ஓட்டினால் அந்தத் தளர்வு போய்விடக்கூடும். இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அவசரகால ஜெனரேட்டர்களை ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை கிரிட் நெருக்கடி அழைப்புகளுக்கு ஓட்டலாம் என்று விதி போட்டிருந்தது. டெலவேர் மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை உள்ளிட்டோர் வழக்குப் போட, கொலம்பியா மாவட்டத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 மே மாதம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அதை நம்பி ஜெனரேட்டரை சந்தையில் சேர்த்திருந்தவர்கள், ஒன்று விலக வேண்டியிருந்தது, இல்லையென்றால் கடுமையான புகை வரம்புக்கு ஏற்றபடி இயந்திரத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் உங்கள் ஜெனரேட்டர் டி.இ.ஆர். ஆகிவிட்டால், அதை ஓட்டச் சொல்லும் உரிமை அவர்களிடம், அனுமதி மீறலுக்கான நோட்டீஸ் உங்கள் பெயரில்.

பேட்டரி இயக்கத்திலும் ஒன்று கேளுங்கள். கரண்ட் போகும் நேரத்தில் பேட்டரியில் உங்களுக்கென்று எவ்வளவு மிச்சம் இருக்கும்? அவர்கள் சந்தைக்கு விற்றுக் காலி செய்திருந்தால், உங்கள் வளாகத்தில் ஒரு பேட்டரி இருந்தும் இல்லாத மாதிரிதான். குறைந்தபட்ச இருப்புச் சதவீதத்தை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் வருமானப் பங்கை உயர்த்திக் கேளுங்கள். இரண்டில் ஒன்று.

மூன்றாவது, எனக்கு மிகவும் கவலை தருவது: "ஒப்பந்தக் காலத்தில் வளாகத்தின் டி.இ.ஆர். எதையும் வேறு எந்தத் தரப்புக்கும் அளிக்கக் கூடாது." இங்கேதான் 'இனி அமையும்' என்ற இரண்டு சொற்கள் கடிக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து வாகன நிறுத்தத்தில் லாரிகளுக்குச் சார்ஜர் போட ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். அல்லது இரண்டாவது கூரையில் சோலார் போட வேறொருவர் மலிவாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் இந்த நிறுவனத்திடம் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும்; சம்மதத்துக்கு விலை கேட்பார்கள். பத்து ஆண்டில் என்னென்ன கருவி வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை இன்றைக்கே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒரே மீட்டருக்குப் பின்னால் அவர்கள் பேட்டரியும் உங்கள் சோலாரும் இருக்கின்றன. வெளியே தள்ளக்கூடிய அளவுக்கு விநியோக நிறுவனம் வரம்பு போட்டிருக்கும். நீங்கள் பாட்டுக்குச் சோலாரை இரண்டு மடங்கு ஆக்கினால், மத்தியானத்தில் அவர்கள் பேட்டரிக்கு வெளியே அனுப்ப இடமே இருக்காது. அதே மாதிரி, ஒரே சேவையை இரண்டு திட்டத்தில் பதிந்து இரண்டு தடவை பணம் வாங்குவதைச் சந்தை விதிகள் ஒத்துக்கொள்ளாது. 2222-ஆம் ஆணையும் அதைத் தடுக்க இடம் கொடுக்கிறது. எனவே அவர்கள் உறுதிமொழி கேட்பதில் தவறில்லை. கேட்க வேண்டியது, 'இந்த மீட்டருக்குப் பின்னால் புதிதாக ஏதாவது இணைத்தால் 60 நாள் முன்னதாகத் தெரிவியுங்கள், எங்கள் பேட்டரியின் வெளியேற்ற வரம்பைக் குறைக்காதீர்கள், அதே சேவைக்கு அதே கருவியை வேறு இடத்தில் பதியாதீர்கள்' என்பது மட்டும். இவை மூன்றையும் தயங்காமல் கொடுங்கள். அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

பசுமைச் சான்றிதழ் போன்ற சுற்றுச்சூழல் பலன்கள் பற்றியும் ஒரு ஷரத்து இருக்கும். "டி.இ.ஆர்.-இலிருந்து எழும் எல்லாப் பலன்களும் நிறுவனத்தைச் சேரும்" என்று இருந்தால், உங்கள் சோலாரின் சான்றிதழும் போய்விடும். உங்கள் வாடிக்கையாளர் யாராவது 'புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்கும் கிடங்கு' என்று சான்று கேட்டால், காட்ட ஒன்றும் இருக்காது.

சரி, வரையறையின் இலக்கணத்துக்கு வருகிறேன். 'உள்ளடக்கும்' என்று இருக்கிறது, 'ஆகும்' என்று இல்லை. ஒப்பந்தங்களில் இது எழுத்து நடைக்காகப் போடுவது அல்ல. 'டி.இ.ஆர். என்றால் இதுவாகும்' என்றால் கதவு மூடிவிட்டது. பட்டியலில் இல்லாதது உள்ளே வராது. 'உள்ளடக்கும்' என்றால் பட்டியலில் உள்ளவை உதாரணங்கள்தான். அப்படித் திறந்து கிடக்கும் பட்டியலுக்கு நீதிமன்றங்கள் ஒரு கடிவாளம் வைத்திருக்கின்றன: பட்டியலில் உள்ளவற்றின் இனத்தைச் சேர்ந்ததுதான் பொதுச் சொல்லிலும் அடங்கும் என்று படிப்பார்கள். 'வரம்பின்றி' என்ற சொல்லை ஏன் போட்டார்கள் என்றால், அந்தக் கடிவாளத்தையும் கழற்றிவிடத்தான். கூடவே, ஐயம் வந்தால் எழுதியவருக்கு எதிராகப் படிக்க வேண்டும் என்ற பழைய விதியும் உங்களுக்குத் துணை வரக்கூடும். ஆனால் வரைவின் கடைசிப் பக்கங்களில், 'இந்த ஒப்பந்தத்தை இரு தரப்பும் சேர்ந்து எழுதியதாகக் கருத வேண்டும்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தத் துணையும் இல்லை.

அடுத்து அந்த வாக்கியத்தின் வால்: 'பொருந்தும் சட்டத்தில் அவ்வப்போது திருத்தப்படும் பொருளையும் கொண்டிருக்கும்'. உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பொதுவான நிலை இது: உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையில் ஒப்பந்தத்தின் வரையறை செல்லும். உங்கள் இருவருக்கும் வெளியே, அதாவது விநியோக நிறுவனம், ஒழுங்குமுறை ஆணையம், வரித்துறை முன்னால், சட்டத்தின் வரையறைதான் செல்லும். ஜெனரேட்டர் டி.இ.ஆர். இல்லை என்று நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டதால் ஆணையம் கேட்கும் பதிவு இல்லாமல் போகாது. அதே போல, சட்டம் ஒன்றை டி.இ.ஆர். என்று சொல்வதாலேயே அது உங்கள் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடாது.

இப்படி இரண்டும் தனித்தனியாக நிற்பது உங்களுக்கு நல்லது. அந்த வால் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. சட்டம் மாறினால் ஒப்பந்தமும் தானாக மாறும். உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். இந்தத் துறையில் விதிகள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன என்பதற்கு அதே 2222-ஆம் ஆணையே சாட்சி. பயன்பாட்டுக் குறைப்பைச் சந்தையில் சேர்க்காமல் விலக்கிவைக்க மாநிலங்களுக்கு முன்பே இருந்த அதிகாரத்தை, பயன்பாட்டுக் குறைப்பும் பேட்டரி போன்ற மற்ற வளங்களும் சேர்ந்த கலப்புத் திரட்டுகளுக்கும் பொருந்தும் என்று 2020 செப்டம்பரில் விட்டுவைத்தார்கள். 2021 மார்ச்சில் 2222-ஏ ஆணை வந்து, கலப்புத் திரட்டுகளுக்கு அது பொருந்தாது என்றது. ஜூனில் 2222-பி வந்து பழையபடி பொருந்தும் என்றது. ஒரே வருடத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சுற்று. பத்து ஆண்டு ஒப்பந்தத்தின் மையச் சொல்லை இதோடு கட்டிவைத்தால், எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பது ஒவ்வொரு ஆணையின்போதும் மாறும்.

சட்டம் மாறினால் என்ன செய்வது என்பதற்குத் தனி ஷரத்து இருக்கட்டும்: மாற்றத்தால் ஒரு தரப்பின் செலவோ வருமானமோ குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாதிக்கப்பட்டால், உட்கார்ந்து பேசுவது, ஒத்துவராவிட்டால் விலகுவது. வரையறையின் வாலில் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

இனி, மாற்றி எழுதச் சொல்ல வேண்டியது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒப்பந்தத்தில் 'டி.இ.ஆர்.' என்ற சொல்லையே முடிந்தவரை எடுத்துவிடச் சொல்வேன். அந்தச் சொல்லின் அகலம் சட்டத்துக்குத் தேவை, உங்களுக்குத் தேவையில்லை. ஏறத்தாழ இப்படி வரட்டும்:

"'திட்டச் சாதனம்' என்பது, முதல் பின்னிணைப்பில் உற்பத்தியாளர் பெயர், வரிசை எண், திறன், அமைவிடம் ஆகியவற்றோடு பட்டியலிடப்பட்ட பேட்டரி அமைப்பு, இன்வெர்ட்டர், அவற்றுக்கான கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை மட்டுமே ஆகும். இரு தரப்பும் எழுத்தில் கையெழுத்திட்டாலன்றி வேறெதுவும் இதில் சேராது. 'உரிமையாளர் சாதனம்' என்பது, இரண்டாம் பின்னிணைப்பில் கண்டவையும், ஒப்பந்தக் காலத்தில் வளாகத்தில் நிறுவப்படும், திட்டச் சாதனம் அல்லாத பிற அனைத்தும் ஆகும். உரிமையாளர் சாதனத்தின் மீது நிறுவனத்துக்கு உரிமையோ இயக்க அதிகாரமோ பலனோ இல்லை."

சந்தைப் பதிவுக்காகச் சட்டப் பெயர் கட்டாயம் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். அதற்கு ஒரே ஒரு வரி: 'திட்டச் சாதனத்தைப் பொருந்தும் விதிகளின்படி டி.இ.ஆர். ஆகப் பதிவு செய்ய நிறுவனம் பொறுப்பு.' சட்டத்தின் சொல் அங்கே மட்டும் வரும், சட்டத்தின் வேலையை மட்டும் செய்யும். குளிரூட்டியை நிறுத்தி வைத்தும் சம்பாதிக்கலாம் என்று நீங்கள் விரும்பினால், அதைத் தனிப் பின்னிணைப்பாக எழுதுங்கள்: எந்த இயந்திரம், அதிகபட்சம் எத்தனை நிமிடம், உள்ளே எந்த வெப்பநிலையைத் தாண்டினால் தானாக விடுபடும், மறுத்தால் அபராதம் உண்டா. செயலை விற்கும்போது செயலுக்குரிய எல்லைகளோடு விற்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. பல டன் எடையுள்ள பேட்டரியைக் கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்கப் போகிறார்கள். பல நாடுகளின் சட்டத்தில் நிலத்தோடு நிலையாகச் சேர்ந்தது நிலத்தின் பகுதியாகிவிடும். அதனால்தான் 'எப்படிப் பொருத்தப்பட்டாலும் அசையும் சொத்தாகவே இருக்கும்' என்று ஒரு வரி வைப்பார்கள். அந்த வரி உங்கள் இருவரைத்தான் கட்டும். கட்டடத்தின் மீது ஏற்கெனவே அடமானம் இருந்தால், அந்த வங்கியையோ, நீங்கள் குத்தகைக்காரராக இருந்தால் கட்டட உரிமையாளரையோ அது கட்டாது. அவர்களிடமிருந்து தனிச் சம்மதக் கடிதம் கேட்பார்கள்; அதை வாங்கித் தரும் பொறுப்பை உங்கள் தலையில் வைத்து, தாமதத்துக்கு உங்களிடமே இழப்பீடு கேட்கும் ஷரத்து இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கடிதத்துக்கு முயற்சி செய்வது உங்கள் பொறுப்பு. கிடைப்பது உங்கள் கையில் இல்லை. கட்டடத்தை விற்றால் வாங்குபவர் இந்த ஒப்பந்தத்தை ஏற்க வேண்டுமா, ஏற்காவிட்டால் பேட்டரியை எடுக்கும் செலவு யாருடையது என்பதும் இதே இடத்தில் எழுதப்பட வேண்டும்.

இழுபறியில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்றும் சொல்கிறேன். பேட்டரிச் சேவையில் அவர்களுக்கு மட்டும் உரிமை கொடுப்பதில் தவறில்லை. கருவிகளின் இயக்கத் தரவைப் பார்க்க அனுமதி கொடுக்கலாம், ஆனால் உங்கள் கிடங்கின் மொத்த மின்பயன்பாட்டுத் தரவை மூன்றாம் தரப்புக்கு விற்க அல்ல. நீங்கள் எப்போது எவ்வளவு சரக்கு வைத்திருக்கிறீர்கள் என்பதை, விஷயம் தெரிந்தவர் அதிலிருந்து ஊகித்துவிடுவார். 'இனி அமையும்' என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். அவர்கள் மிகவும் வற்புறுத்தினால், புதிய பேட்டரி ஏதாவது வைக்க நேர்ந்தால் முதலில் அவர்களிடம் விலை கேட்பது, 30 நாளில் பதில் வராவிட்டால் வேறு யாரிடமும் போகலாம் என்பது வரைக்கும் இறங்கலாம்.

கையெழுத்துக்கு முன், விநியோக நிறுவனத்தோடு போடப்போகும் இணைப்பு ஒப்பந்தத்தின் வரைவையும் வாங்கிப் படியுங்கள். அதிலும் டி.இ.ஆர். என்று ஒரு சொல் இருக்கலாம். பெரும்பாலும் தர விதியை ஒட்டிய குறுகிய பொருளில் இருக்கும். அந்த ஒப்பந்தம் உங்கள் பெயரில் வந்தால், பேட்டரி விதி மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் நோட்டீஸும் உங்கள் பெயரில் வரும், கிடங்கு முழுவதற்கும். முடிந்தால் நிறுவனத்தின் பெயரில் தனி இணைப்பு கேளுங்கள்; முடியாவிட்டால் அவர்கள் மீறலால் வரும் இழப்பை, கெட்டுப்போன சரக்கு உட்பட, அவர்கள் ஈடுகட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

கடைசியாக வரையறையில் உள்ள 'அதனோடு தொடர்புடைய கருவிகள்'. பேட்டரி வைப்பதற்காக உங்கள் பிரதான மின்பலகையை மாற்றுவார்கள், டிரான்ஸ்ஃபார்மரையும் பெரிதாக்கக்கூடும். பத்தாம் ஆண்டு முடிவில் தங்கள் சொத்தைக் கழற்றிக்கொண்டு போகும்போது, இவையும் தொடர்புடைய கருவிகள்தானே என்றால், கிடங்கு இருட்டில் நிற்கும். புதிய மின்பலகை, டிரான்ஸ்ஃபார்மர், அவற்றிலிருந்து உங்கள் இயந்திரங்களுக்குப் போகும் கேபிள் மூன்றையும் இன்றைக்கே இரண்டாம் பின்னிணைப்பில், உரிமையாளர் சாதனம் என்ற தலைப்பின் கீழ் எழுதச் சொல்லிவிடுங்கள்.